தான்சானியாவுக்குப் போய் 5எஸ், கைசன் சொல்லிக்கொடுப்பது எப்படி? அரச உத்தியோகத்தர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இலங்கையில் ஓர் அரச மருத்துவமனையிலோ திணைக்களத்திலோ 5எஸ் (வேலையிடத்தை ஐந்து படிகளில் ஒழுங்குபடுத்தும் முறை), கைசன் (சின்னச் சின்ன மாற்றங்களால் வேலையைத் தொடர்ந்து மேம்படுத்துவது) வேலைகளைச் செய்து ஓரளவு பெயர் எடுத்திருக்கிறீர்கள், இப்போது ஆப்பிரிக்க நாடொன்றுக்குப் போய் அங்குள்ள அரச ஊழியர்களுக்கு இதைக் கற்பிக்க முடியுமா என்று அமைச்சில் கேட்கிறார்கள் என்றால், இது உங்களுக்காக எழுதியது. உதாரணங்களைத் தான்சானியாவிலிருந்தே எடுக்கிறேன். எனக்குப் பழகிய இடம் அது. அதோடு இந்த விஷயத்தில் இலங்கைக்கும் தான்சானியாவுக்கும் உண்மையான தொடர்பும் இருக்கிறது.

அந்தத் தொடர்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகிற பலருக்கே இது தெரியாது. கொழும்பு காசல் வீதி மகளிர் மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டளவில், அப்போதைய பணிப்பாளர் டாக்டர் விமல் கரந்தகொட 5எஸ் முறையைத் தொடங்கினார். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வளர்ந்த முறை, பணமும் ஆளும் போதாத ஓர் அரச மருத்துவமனையில் நிலைத்து நின்றது. இதைப் பார்த்த ஜப்பான் அரசின் சர்வதேச உதவி நிறுவனமான ஜைக்கா, 2007இல் தொடங்கி ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகளுக்கு இலங்கையின் அனுபவத்தை முன்மாதிரியாகக் காட்டியது. முதலில் 8 நாடுகள், பிறகு இன்னும் 7. தான்சானியாவில் ம்பேயா மருத்துவமனை முன்னோடியாகத் தொடங்க, அங்கிருந்து மற்ற மருத்துவமனைகளுக்குப் பரவி, அந்த நாட்டு சுகாதார அமைச்சு தனக்கென்று வழிகாட்டி நூலே வெளியிட்டது.

நம்மைப் போன்றவர்களை அழைப்பதற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. ஜப்பான் நிபுணர் ஒருவர் சொன்னால் "உங்களிடம் பணம் இருக்கிறது, செய்வீர்கள்" என்று கேட்பவர் மனதுக்குள் நினைப்பார். கையுறை முடிந்துபோன நாளில் வாட்டை நடத்திய ஒருவர் சொன்னால் அப்படி நினைக்க முடியாது. உங்கள் தகுதி அந்த அனுபவம்தான். சான்றிதழும் விருதும் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே எதையும் திருத்துவது உங்கள் வேலை இல்லை. அங்கே தினமும் வேலை செய்கிறவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே அளந்து, தாங்களே மாற்றிப் பார்க்கும்படி செய்துவிட்டு வருவதுதான் உங்கள் வேலை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

படி 1: அழைப்பைத் திருப்பிக் கேளுங்கள்

கடிதத்தில் "செயன்முறை மேம்பாடு தொடர்பான பயிற்சி" என்று மட்டும் இருந்தால் சம்மதிக்க முன் கேள்வி கேளுங்கள். எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு, எந்தத் தரத்து ஊழியர்கள், எந்த மொழியில்? எல்லாவற்றையும் விட, இதைக் கேட்டது யார்? அந்த மருத்துவமனையின் தலைவரா, தலைநகரில் இருக்கும் திட்ட அலுவலகமா? தலைவருக்குத் தெரியாமல் மேலிருந்து இறங்கும் பயிற்சி, நீங்கள் விமானம் ஏறிய அன்றே முடிந்துவிடும். அவருடன் ஒரு தொலைபேசி அழைப்பு கட்டாயம் வேண்டும். "உங்கள் மருத்துவமனையில் உங்களுக்கே தினமும் எரிச்சல் தருகிற விஷயம் எது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

முடிந்தால் அவர்களுடைய பதிவுப் படிவம், மருந்துச் சீட்டு, ஆய்வுகூட விண்ணப்பம் ஆகியவற்றின் படங்களை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். ஒரே விவரத்தை எத்தனை படிவத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள் என்பதை வீட்டில் இருந்தபடியே எண்ணிவிடலாம்.

படி 2: இங்கே முடிக்க வேண்டிய காகித வேலை

சலிப்பான பகுதிதான், ஆனால் பயணங்கள் பிந்துவது பெரும்பாலும் இங்கேதான். அமைச்சின் எழுத்துமூல அனுமதி, நாட்டுக்கு வெளியே விடுமுறைக்கான பொது 126 படிவம், உங்கள் இடத்தில் பதில் கடமை பார்ப்பவரின் பெயர், கடவுச்சீட்டில் குறைந்தது 6 மாதச் செல்லுபடி. பதில் கடமை பார்ப்பவரிடம் சாவியையும் கோவைகளையும் நேரில் ஒப்படையுங்கள். இல்லாவிட்டால் அங்கே வகுப்பு நடக்கும்போது இங்கிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். சுற்றுலா விசாவில் போய் வகுப்பு எடுக்க வேண்டாம். அரச வேலையாகப் போகிறீர்கள், அழைக்கும் நிறுவனத்தின் கடிதத்தோடு அதற்குரிய விசாவை எடுங்கள்.

உடல்நலத்தில் இரண்டு விஷயங்களை அலட்சியப்படுத்தக் கூடாது. ஒன்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போய்வருபவர்களிடம் ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டையைக் கேட்க வாய்ப்பு அதிகம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லுபடியாகும், ஆகவே கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். 2016 முதல் ஒரு தடவை போட்டால் ஆயுள் முழுவதும் போதும்.

மற்றது மலேரியா. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2016 செப்டெம்பரில். அதைக் காப்பாற்றும் பொறுப்பு திரும்பி வருகிற ஒவ்வொருவருக்கும் உண்டு. மலேரியா தடை இயக்கம் பயணிகளுக்குத் தடுப்பு மாத்திரையை இலவசமாகவே கொடுக்கிறது. போகுமுன் தொடங்கி, திரும்பிய பிறகும் அவர்கள் சொன்ன நாள்வரை முடியுங்கள். வந்தபின் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக "ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன்" என்று சொல்லுங்கள். டெங்குவைத்தான் இங்கே எல்லோரும் முதலில் நினைப்பார்கள்.

படி 3: என்ன கொண்டுபோவது

நூறு ஸ்லைடு தயாரிக்காதீர்கள். மின்சாரம் போகும், புரொஜெக்டர் வராது, வந்தாலும் ஸ்லைடு ஓடும்போது பின்வரிசையில் தூங்குவார்கள். பெரிய வெள்ளைத் தாள், மார்க்கர், ஒட்டும் தாள், நிறக் கடதாசி, அளவு நாடா, கயிறு. இவையெல்லாம் அங்கேயே வாங்கலாம், வாங்குவதே நல்லது, ஏனென்றால் நீங்கள் திரும்பி வந்த பிறகும் அவர்களுக்கு அவை கிடைக்க வேண்டும். உங்கள் சொந்த இடத்தின் "முன், பின்" படங்கள் ஒரு பத்து போதும். அவற்றில் நிலைக்காமல் போன மாற்றம் ஒன்றும் இருக்கட்டும். பளிச்சென்ற படங்களை மட்டும் காட்டினால் அது விளம்பரம்போல் ஆகிவிடும்.

ம்பேயா பக்கம் ஜூன், ஜூலையில் போனால் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பிரதேசம், நுவரெலியாபோலக் குளிரும்.

படி 4: முதல் நாள் கற்பிக்க வேண்டாம்

தான்சானிய அலுவலகங்களில் முதல் நாள் மரியாதைச் சந்திப்புகளுக்கு உரியது. வருகையாளர் புத்தகத்தில் கையெழுத்து, மருத்துவமனைத் தலைவர், தாதியர் தலைவி, சில இடங்களில் மாவட்ட அதிகாரி. நேரம் வீணாகிறது என்று துடிக்காதீர்கள். வணக்கம் சொல்வதையும் குடும்பத்தை விசாரிப்பதையும் விட்டு நேரே வேலைக்குப் போகிறவரை அங்கே மரியாதை தெரியாதவராகவே பார்ப்பார்கள். வயதில் மூத்தவரைக் கண்டால் "ஷிகமூ" என்று சொல்லுங்கள், துப்புரவு வேலை செய்யும் அம்மாவாக இருந்தாலும். அவர் "மரஹபா" என்று பதில் சொல்வார். தலைவரின் அறையில் கிடைக்கும் கைகுலுக்கலைவிட இந்த ஒரு சொல் உங்களுக்கு அதிக நண்பர்களைத் தரும்.

மாலையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், வாயைத் திறக்காதீர்கள். "எங்கள் ஊரில் இதை இப்படிச் செய்வோம்" என்ற வாக்கியம் அன்று உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

அந்த நடையில் இலங்கையர் நமக்குப் பழக்கமில்லாத ஒன்று கண்ணில் படும்: காசாளர் ஜன்னல். நம் அரச மருத்துவமனைகளில் வெளிநோயாளர் பணம் கட்டுவதில்லை, ஆகவே நம் தலைக்குள் இருக்கும் நோயாளர் பாதையில் காசாளரே இல்லை. தான்சானியாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு, காப்புறுதி அட்டை உள்ளவர்கள் உண்டு, மற்றவர்கள் கட்டணம் கட்ட வேண்டும். டாக்டரைப் பார்க்க ஒரு தடவை, ஆய்வுகூடத்துக்கு ஒரு தடவை, மருந்துக்கு ஒரு தடவை என்று ஒரே நோயாளி ஒரே ஜன்னலுக்குத் திரும்பத் திரும்ப வருவார். இங்கே வெற்றி பெற்ற வரைபடத்தை அப்படியே அங்கே ஒட்டினால் பிழையாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

படி 5: ஒரு துண்டுக் கடதாசியால் அளப்பது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கணினி வேண்டாம். காலையில் வாசலில் வரும் நோயாளிகளில் ஒரு முப்பது பேருக்கு ஆளுக்கொரு நிறத் துண்டு கொடுங்கள். ஒவ்வொரு மேசையிலும் இருப்பவர், நோயாளி வந்து உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் அதில் எழுத வேண்டும். மருந்தகத்தில் துண்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எழுதுவது அவர்கள், கூட்டிப் பார்ப்பதும் அவர்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

எச்சரிக்கை ஒன்று. சுவாஹிலி வழக்கில் மணி சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுகிறது. நாம் காலை 7 மணி என்பதை அவர்கள் 1 மணி என்பார்கள், 8 மணி என்பது 2 மணி. கைக்கடிகாரம் 8ஐக் காட்டும், வாய் 2 என்று சொல்லும். ஆங்கிலத்தில் பேசும்போது பலர் நம் முறைக்கு மாறிவிடுவார்கள், எழுதும்போது சிலர் மாறுவார்கள், சிலர் மாட்டார்கள். ஒரே துண்டில் பதிவு மேசை 8:25 என்றும் அடுத்த மேசை 2:50 என்றும் எழுதியிருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். எந்த முறையில் எழுதுவது என்று தொடங்குமுன் எல்லோருமாகப் பேசி முடிவெடுங்கள். வகுப்பு நேரம் சொல்லும்போதும் "காலையிலா, எந்த முறையில்" என்று உறுதிப்படுத்துங்கள்.

துண்டு எப்படிப் பேசும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒருவர் வாசலுக்கு வந்தது 7:40, பதிவு 8:25, காசாளர் 8:50, டாக்டர் 10:30, மறுபடி காசாளர் 10:55, ஆய்வுகூடம் 11:20, முடிவோடு டாக்டரிடம் 1:05, மறுபடி காசாளர் 1:30, மருந்தோடு வெளியே வந்தது 1:50 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 370 நிமிடம். யாராவது அவருக்காக ஏதாவது செய்த நேரத்தை மட்டும் கூட்டினால் 30 நிமிடம் வரும்: பதிவில் 3, காசாளரிடம் மூன்று தடவையும் சேர்த்து 6, டாக்டரிடம் 8ம் 4ம், ஆய்வுகூடத்தில் 5, மருந்தகத்தில் 4. மிச்சம் 340 நிமிடமும் வாங்கில் இருந்து காத்திருந்தது.

இந்தக் கணக்கைப் பலகையில் நீங்கள் எழுதாதீர்கள். பதிவு மேசை இலிகிதரோ தாதியோ எழுதட்டும். அந்த 340ஐத் தன் கையால் எழுதி வட்டம் போட்டவருக்கு அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படாது. "டாக்டர் போதாது, அதனால்தான் தாமதம்" என்று காலையில் சொன்ன அதே ஆள், டாக்டரிடம் போன 12 நிமிடத்தையும் ஆய்வுகூட முடிவுக்கு ஆன ஒன்றேமுக்கால் மணி நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

இன்னொரு எளிய கணக்கும் சொல்லிக்கொடுங்கள். வரிசையில் இருப்பவர்களை எண்ணி, மணிக்கு எத்தனை பேர் வேலை முடிந்து போகிறார்கள் என்பதால் வகுத்தால், கடைசியாக நிற்பவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பது வந்துவிடும். 60 பேர் இருக்கிறார்கள், மணிக்கு 20 பேர் போகிறார்கள் என்றால் 3 மணி நேரம். காவலாளிகூட இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

படி 6: 5எஸ் ஐ ஒரே ஓர் அறையில் தொடங்குங்கள்

தேவையற்றதை அகற்று, இருப்பதற்கு இடம் வகு, சுத்தம் செய், அதையே நியமமாக்கு, பழக்கமாக்கு. இந்த ஐந்தும் உங்களுக்குத் தெரியும். தான்சானியாவில் சசம்புவா, செத்தி, சஃபிஷா, சனிஃபிஷா, ஷிகிலியா என்று தங்கள் ஐந்து சொற்களை வைத்திருக்கிறார்கள், அவற்றையே பயன்படுத்துங்கள்.

முழு மருத்துவமனையிலும் ஒரே நேரத்தில் வேண்டாம். ஒரு களஞ்சிய அறை, அல்லது ஒரு வாட்டின் மருந்து அலுமாரி. அகற்றுவதில்தான் சிக்கல் வரும், ஏனென்றால் உடைந்த கதிரையும் துருப்பிடித்த கட்டிலும் அரச சொத்து. நம்மிடம் பொருட் கணக்கெடுப்புச் சபை இல்லாமல் ஒரு லாச்சியைக்கூட வெளியே எறிய முடியாது, அங்கேயும் அப்படித்தான். இதை முன்கூட்டியே கேட்டு வைக்காமல் தொடங்கினால், அறையிலிருந்து வெளியே எடுத்த சாமான்கள் நடைபாதையில் மாதக்கணக்கில் கிடக்கும், 5எஸ் என்றாலே குப்பையை இடம் மாற்றுவது என்று ஊழியர்கள் நினைத்துவிடுவார்கள். சொத்துப் பொறுப்பு அதிகாரியை முதல் நாளே குழுவில் சேருங்கள். சிவப்புத் துண்டு ஒட்டி, பொருளின் பெயர், யாருடையது, எப்போதிலிருந்து பயன்படவில்லை என்று எழுதி, ஓர் இடத்தில் அடுக்கி, பட்டியலை அவர் கையில் கொடுங்கள்.

அலுமாரியை ஒழுங்குபடுத்தும்போது முதலில் காலாவதித் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் இருப்பதை எடுத்துப் பயன்படுத்துவதும், புதிதாக வருவதை அதற்கு முன்னாலேயே அடுக்குவதும் எல்லா நாட்டிலும் நடக்கிறது. பின்னாலிருந்து காலாவதியான பெட்டிகள் வெளியே வரும்போது யாரையும் திட்டாதீர்கள், மற்றவர் திட்டவும் விடாதீர்கள். "முதலில் முடிவது முன்னால்" என்று வாட் தாதியே ஒரு துண்டு எழுதி ஒட்டட்டும், அவருடைய கையெழுத்தில், அவர்களுடைய மொழியில்.

சிற்றூழியர்களும் காவலாளிகளும் துப்புரவுத் தொழிலாளர்களும் வகுப்பில் இருக்க வேண்டும், டாக்டர்களோடு ஒரே மேசையில். மேலதிகாரி இருக்கும்போது அவர்கள் பேச மாட்டார்கள், நம் ஊர் மாதிரிதான். அதனால் பேசச் சொல்லாமல் எழுதச் சொல்லுங்கள், எழுதத் தயங்குபவரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கே போய்க் காட்டச் சொல்லுங்கள். ஆய்வுகூட முடிவை எடுத்துக்கொண்டு ஓடுகிறவருக்குத் தெரியும், அது மேசையில் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்று.

படி 7: காசில்லாத ஒரு மாற்றம்

"ஏன்" என்று ஐந்து தடவை கேட்கும் முறையை இங்கே சொல்லிக்கொடுங்கள். ஆய்வுகூட முடிவு ஏன் பிந்துகிறது? ஒரு தொகுதி சேர்ந்த பிறகுதான் கொண்டுபோகிறார்கள். ஏன்? கொண்டுபோக ஒருவர்தான். ஏன்? மற்றவர் காசாளர் சீட்டைச் சரிபார்க்கிறார். ஏன் அவர் சரிபார்க்க வேண்டும்? பணம் கட்டியதற்கு அடையாளம் படிவத்தில் இல்லை. அப்படியானால் படிவத்தின் மூலையில் காசாளரின் முத்திரை விழுந்தால் போதும். எல்லா இடத்திலும் பதில் இது என்று சொல்லவில்லை, கேள்வி எவ்வளவு தூரம் இறங்க வேண்டும் என்பதைக் காட்டத்தான். முக்கியமானது: "ஏன்" என்ற கேள்வி ஓர் ஆளின் பெயரில் முடிந்தால் இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம்.

முதல் மாற்றம் ஒரு வாரத்துக்குள் செய்யக்கூடியதாகவும், வெளியே யாரிடமும் பணம் கேட்காததாகவும் இருக்கட்டும். செய்த பிறகு அதே துண்டை மறுபடி கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். நேரம் குறையாவிட்டால் அதையும் சுவரில் எழுதட்டும்.

படி 8: கஷ்டமான பேச்சுகள்

முதலாவது, பயிற்சி நாளுக்கான பணம். கிழக்கு ஆப்பிரிக்காவில் பயிற்சிக்கு வந்தால் நாட்படி எதிர்பார்ப்பது வழக்கம், சம்பளம் குறைந்தவர்களுக்கு அது நியாயமான எதிர்பார்ப்பும்கூட. எவ்வளவு, யார் கொடுப்பது என்பதை அழைக்கும் நிறுவனம் முன்பே அறிவிக்க வேண்டும். நீங்கள் அதில் தலையிடாதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். வகுப்பை ஹோட்டலில் வைக்காமல் மருத்துவமனைக்குள்ளேயே, வேலை நேரத்தில், சின்னச் சின்னத் துண்டுகளாக நடத்தினால் இந்தப் பிரச்சினை பாதி குறைந்துவிடும்.

இரண்டாவது, "எங்களுக்கு ஆள் போதாது." இது பெரும்பாலும் உண்மை. ஒரே தாதி ஐம்பது நோயாளிகளைப் பார்க்கும் வாட்டில் நின்றுகொண்டு, அலுமாரியை அடுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது அவமதிப்பு. ஒழுங்குபடுத்தினால் அந்தத் தாதி கத்தரிக்கோலைத் தேடும் நேரம் மிச்சமாகும், இன்னொரு தாதி கிடைக்க மாட்டார். இதை அப்படியே சொல்லுங்கள். ஆள் தேவை என்பதை மேலிடத்துக்குக் காட்டவும் அந்தத் துண்டுக் கணக்கு உதவும் என்பதையும் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, இந்த நேர்மைக்குப் பிறகுதான் தாதியர் உண்மையாகப் பேசத் தொடங்குகிறார்கள்.

படி 9: விட்டுவிட்டு வருவது

கடைசி இரண்டு நாளும் நீங்கள் கற்பிக்கக் கூடாது. அங்கே தேர்ந்தெடுத்த உள்ளூர் பயிற்றுநர்கள் அடுத்த வாட்டுக்குக் கற்பிக்கட்டும், நீங்கள் பின்வரிசையில் இருங்கள். பிழையாகச் சொன்னாலும் நடுவில் எழும்பாதீர்கள், தேநீர் நேரத்தில் தனியாகச் சொல்லலாம். தான்சானிய மருத்துவமனைகளில் தர மேம்பாட்டுக் குழுவும் அதன் கீழ் ஒவ்வொரு பிரிவிலும் வேலை மேம்பாட்டுக் குழுவும் என்ற அமைப்பு ஏற்கனவே உண்டு. புதிதாகக் குழு உருவாக்காமல் அதையே உயிர்ப்பியுங்கள். மாதம் ஒரு நாள், ஒரே பக்கச் சரிபார்ப்புப் பட்டியல், மருத்துவமனைத் தலைவரே நடந்து பார்ப்பது என்று மூன்றையும் அவர் வாயால் எல்லோர் முன்னிலையிலும் சொல்லவையுங்கள்.

துண்டுகள், பலகைக் கணக்கு, படங்கள் எல்லாவற்றின் மூலப் பிரதியும் அவர்களிடம் இருக்கட்டும், உங்களுக்குப் பிரதி போதும். நோயாளியின் முகமோ பெயரோ தெரியும் படத்தை யாரும் எங்கும் போடக் கூடாது.

படி 10: வந்த பிறகு

அமைச்சுக்கு அறிக்கை இரண்டு பக்கம் போதும்: என்ன அளந்தார்கள், என்ன மாற்றினார்கள், மறுபடி அளந்தபோது என்ன வந்தது, அடுத்து யார் போக வேண்டும். அங்கே கற்றதை உங்கள் இடத்தில் செய்துபாருங்கள். அவர்கள் செல்பேசியில் கட்டணம் கட்டும் வேகத்தைப் பார்த்தபின் நம் கச்சேரிகளின் பற்றுச்சீட்டு வரிசையைப் பார்த்தால் உங்களுக்கே கேள்விகள் வரும்.

பிறகு மாதம் ஒரு தடவை அழையுங்கள். அவர்கள் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பிந்தியவர்கள், நம் பிற்பகல் 2 மணி அவர்களுக்கு 11:30, காலைக் கூட்டம் குறைந்திருக்கும் நேரம். "எல்லாம் நல்லா போகுதா" என்று கேட்டால் "நல்லா போகுது" என்றுதான் பதில் வரும். ஆகவே கடைசியாக எப்போது துண்டு கொடுத்து அளந்தீர்கள், எத்தனை நிமிடம் வந்தது, பட்டியலில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேளுங்கள். இந்த மாத எண்ணைச் சொல்கிற ஆள் நீங்கள் பயிற்றுவித்தவராக இல்லாமல் அவர் பயிற்றுவித்த இன்னொருவராக இருந்தால், அடுத்த தடவை அந்த மருத்துவமனைக்கு நீங்கள் போகத் தேவையில்லை, பக்கத்து மாவட்டத்துக்குப் போகலாம்.